தைரொயிட்டுச் சுரப்பியும் யாழ்ப்பாணத்து உப்பும்

உடம்பின் உறுப்புகள் ஒன்றற்கொன்று செய்தி விடுக்கும் வழிகள் இரண்டு. ஒன்று நரம்பு வழி. மற்றது குருதி வழி. முள் தைத்தவுடன் காலை இழுத்துக்கொள்வது நரம்பு வழிச் செய்தியால் நிகழ்வது. அச்செய்தி நொடிப்பொழுதில் வந்து நொடிப்பொழுதில் மறைவது. குழந்தை வளர்வதும், உண்ட உணவு வெப்பமாக மாறுவதும், இதயம் தனக்குரிய வேகத்தில் துடிப்பதும் குருதி வழிச் செய்திகளுக்கு உட்பட்டவை. இவை மெல்ல வந்து நெடிது நிற்பவை. இவற்றைச் சுமந்து செல்லும் பொருள்களுக்கு 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் ஸ்ராலிங் என்பார் ஓமோன் என்னும் பெயரை வழங்கினார். கிளர்ச்சியூட்டுவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்றும் அப்பெயர் பிறந்தது.

ஓமோன் பற்றிய பேச்சு இன்று எங்கும் மலிந்துள்ளது. களைப்பு, உடற்பருமன், தலைமயிர் உதிர்தல், மனச்சோர்வு ஆகிய யாவற்றிற்கும் ஓமோனே காரணமெனக் கூறுவாருமுளர். நல்ல உணவும் நடையும் உறக்கமும் இருப்பின் மருந்தே வேண்டா என்பாருமுளர். மருந்து இருக்கையில் பழக்கம் எதற்கு என்பாருமுளர். இம்மூவர் கூற்றிலும் ஓரளவு உண்மையுண்டு. முழு உண்மை எதனிலும் இல்லை. பழக்கத்தின் எல்லை யாது, மருந்தின் எல்லை யாது என்பதை வரையறுத்து அறிவதே வேண்டற்பாலது. அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு தைரொயிட்டுச் சுரப்பியாகும். அதன் ஓமோன் ஆக்கப்படும் மூலப்பொருள்களுள் ஒன்று, யாழ்ப்பாணத்து வீடுகளின் அடுக்களையில் உள்ள உப்புடன் தொடர்புடையது. ஆதலின் இவ்வாராய்ச்சி உப்பிலிருந்தே தொடங்கலாம்.

சுரப்பியும் அதன் தொழிலும்

தைரொயிட்டுச் சுரப்பி கழுத்தின் முற்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவிக் கிடப்பது. வண்ணத்துப் பூச்சி சிறகு விரித்தாற்போன்ற வடிவினது. வளர்ந்தோரிடத்து அதன் நிறை ஏறத்தாழ 15 முதல் 25 கிராம் வரையாகும். இச்சிறு சுரப்பி ஆக்கும் தலையாய ஓமோன் தைரொட்சின் எனப்படும். தைரொட்சின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் அயடீன் அணுக்கள் நான்கு உள்ளன. அவற்றுள் ஒன்று நீங்கி மூன்று எஞ்சியவிடத்துப் பெறப்படும் ஓமோன் இன்னும் வலியது. உடம்பின் கலங்கள் யாவும் எவ்வேகத்தில் உயிர்ப்புத் தொழிலை நடத்தவேண்டும் என்பதை இவ்விரண்டுமே வகுக்கின்றன.

இவற்றைச் சுரக்கும் அளவைச் சுரப்பி தானே தீர்மானிப்பதன்று. மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பி குருதியில் தைரொட்சினின் அளவை இடையறாது நோக்கி நிற்கின்றது. அளவு குறையின் அது தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனை மிகுதியாக விடுக்கும். அளவு கூடின் அதனைக் குறைக்கும். வயலுக்கு நீர் பாய்ச்சுவோன் வாய்க்காலைத் திறந்தும் அடைத்தும் காப்பது போன்றது இம்முறை. தூண்டும் ஓமோன் எத்துணை உளது என்று குருதியில் அளந்தே இன்று மருத்துவர் சுரப்பியின் நிலையை அறிகின்றனர்.

அயடீன் போதாதவிடத்துக் கபச்சுரப்பி ஓயாது தூண்டும். தைரொயிட்டு ஓயாது முயலும். மூலப்பொருள் இன்மையால் முயற்சி பயன்படாது. சுரப்பி மட்டும் பருத்துக்கொண்டே செல்லும். இதுவே கண்டக்கழலை. கழுத்தின் பக்கங்களில் நிணக்கணுக்கள் திரளும் கண்டமாலை இதனின் வேறானது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் தவறு. கழலை கண்ணுக்குத் தெரியும் தீங்கு. கண்ணுக்குத் தெரியாத தீங்கோ அதனினும் பெரிது. கருவுற்ற தாய்க்கு அயடீன் மிகக் குறையின் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். உலகில் தடுக்கக்கூடிய அறிவு வளர்ச்சிக் குறைபாட்டிற்கு அயடீன் குறைவே முதன்மையான காரணமெனக் கருதப்படுகின்றது. ஒரு வகுப்பறையில் பின்தங்கி இருக்கும் மாணவன் சோம்பேறியா, அன்றி அவன் உடம்பில் ஒரு நுண்பொருள் குறைந்ததா என்னும் வினா ஆசிரியர் எவரும் எண்ணத்தக்கது.

கடலருகு என்னும் மயக்கம்

அயடீன் கடலில் உள்ள பொருள். யாழ்ப்பாணக் குடாநாடு கடல் சூழ்ந்த நிலம். எனவே இங்குள்ளோர்க்கு அயடீன் குறைவு நேராது என்று எண்ணுதல் இயல்பு. இக்கருத்து ஆராய்ந்து நோக்கத்தக்கது.

இலங்கையில் கண்டக்கழலை எங்கெங்கு மிகுதி என்பதை மகாதேவா, சண்முகநாதன் முதலிய ஆய்வாளர் 1960களில் ஆராய்ந்து எழுதினர். மழை மிக்க தென்மேற்கு ஈரவலயத்திலேயே நோய் மிகுதி என்பது அவ்வாராய்ச்சிகளாற் புலனாயிற்று. பின்னர் 1986ஆம் ஆண்டளவில் 17 மாவட்டங்களில் 59,000க்கும் மேற்பட்ட பள்ளிச் சிறார் பரிசோதிக்கப்பட்டபோது, நூற்றுக்கு 18.8 வீதத்தினரிடம் கழலை காணப்பட்டது. மாவட்டங்களுள் மிக உயர்ந்த வீதம் களுத்துறையில். அஃது 30ஐத் தாண்டியது. மிகக் குறைந்த வீதம் மாத்தளையில். களுத்துறை கடற்கரை மாவட்டம். மாத்தளையோ கடலைக் காணாத உள்நாட்டு மாவட்டம். கடலருகே வாழ்தல் ஒன்றே காவலன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காரணம் என்னை? அயடீன் கடற்காற்றிலும் மழையிலும் வந்து நிலத்தில் விழுவது உண்மையே. ஆயினும் மழை மிக்க நிலத்தில் அது கழுவுண்டு போகின்றது. எஞ்சியதும் மண்ணிலுள்ள மக்கிய பொருளாலும் களியாலும் இறுகப் பற்றப்பட்டுப் பயிருக்கு எட்டாது நிற்கின்றது. வறள்வலயத்தில் நிலைமை வேறு. அங்கு ஆவியாதல் மிகுதி. நிலத்தடி நீரில் அயடீன் பொதுவாகக் கூடுதலாக உள்ளது. வறள்வலய மக்களிடத்துக் கழலை மரபாகக் குறைந்து காணப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். யாழ்ப்பாணம் இவ்வலயத்தைச் சேர்ந்தது. எனவே அதற்கு ஓரளவு காவல் இருந்ததெனின், அது கடலினால் நேரே வந்ததன்று; மழையின் குறைவாலும் நிலத்தின் இயல்பாலும் வந்தது.

இதனினும் வலிய மற்றொரு மயக்கம் கடலுப்பைப் பற்றியது. கடல்நீரைக் காய்ச்சிப் பெறும் உப்பில் அயடீன் இயல்பாகவே நிறைந்திருக்கும் என்று பலர் நம்புகின்றனர். கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு இந்நம்பிக்கை நில்லாது. ஒரு லீற்றர் கடல்நீரில் உப்புகள் ஏறத்தாழ 35 கிராம் உள்ளன. அயடீனோ ஏறத்தாழ 60 மைக்கிரோகிராம் மட்டுமே. ஒரு மைக்கிரோகிராம் என்பது கிராமின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு. அவ்வயடீன் முழுதும் உப்பிலேயே தங்கிற்று எனக் கொண்டாலும், 5 கிராம் உப்பில் 9 மைக்கிரோகிராமும் இராது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 150 மைக்கிரோகிராம். அவ்வளவைச் சாதாரணக் கடலுப்பினின்றே பெற விரும்புவோர் நாள்தோறும் 87 கிராமுக்கு மேல் உப்புண்ண வேண்டும்! உண்மையில் உப்புப் படியும்பொழுது அயடீனின் பெரும்பகுதி வடித்தொழிக்கப்படும் கசப்புநீரோடு போய்விடுகின்றது. எனவே வெண்மையும் தூய்மையும் உடைய கடலுப்பு நல்லுப்பாகலாம். அயடீன் உப்பு ஆகாது.

உப்பு விளையும் நிலம்

யாழ்ப்பாணத்தார்க்கு உப்பு வந்தேறிய பொருளன்று. கரணவாயிலும் அதனை அடுத்த இடங்களிலும் விளைந்த உப்பை ஏற்றிச் செல்லும்பொருட்டே சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் தொண்டைமானாற்றை வெட்டுவித்தான் என்பது இந்நாட்டு மரபு. பிற்காலத்தில் குடாநாட்டின் வாயிலாகிய ஆனையிறவில் பெரிய உப்பளம் அமைந்தது. 1990இல் போர் காரணமாக அங்குத் தொழில் நின்றது. போர் முடிந்த பின்னர் விளைவிப்பு மீண்டும் தொடங்கியது. 2025 மார்ச்சு மாதத்தில் மேசையுப்பு உற்பத்திச்சாலையும் அங்குத் திறந்துவைக்கப்பட்டது. உள்ளூர் உப்பு மீண்டும் சந்தைக்கு வருதல் மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் வாங்குவோர் கேட்கவேண்டிய வினா, உப்பு எங்கு விளைந்தது என்பது மட்டுமன்று. அதில் அயடீன் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதுமாகும்.

உப்பில் அயடீன் சேர்க்கும் முறை நெடிய ஆராய்ச்சியின் விளைவு. 1811இல் கடற்பாசிச் சாம்பலினின்றும் கூர்த்துவா என்னும் பிரெஞ்சுக்காரர் அயடீனைக் கண்டறிந்தார். 1820இல் ஜெனீவா நகர மருத்துவர் குவாந்தே அதனைக் கழலைக்கு மருந்தாக வழங்கினார். 1890களில் ஜேர்மனிய அறிஞர் பௌமான் தைரொயிட்டுச் சுரப்பியினுள்ளேயே அயடீன் இருத்தலை நிறுவினார். 1922இல் சுவிற்சர்லாந்தும் 1924இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலமும் அயடீன் கலந்த உப்பைப் பொதுமக்களுக்கு வழங்கத் தொடங்கின. இந்தியாவில் 1956இல் இமயமலைச் சாரலின் காங்ரா பள்ளத்தாக்கில் இராமலிங்கசுவாமி முதலிய மருத்துவர் ஆய்வொன்றைத் தொடங்கினர். அயடீன் உப்பு வழங்கிய ஊர்களில் கழலை குறைந்தது. வழங்காத ஊர்களில் அது குறையவில்லை. அதன் பயனாக 1962இல் இந்திய அரசு கழலை ஒழிப்புத் திட்டத்தை ஏற்படுத்தியது.

இலங்கையில் மக்கள் உண்ணும் உப்பு யாவும் அயடீன் சேர்த்ததாகவே இருத்தல் வேண்டும் என்னும் ஒழுங்குவிதி 1995இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பயன் கண்கூடு. 1986இல் நூற்றுக்கு 18.8 வீதமாயிருந்த கழலை, 2010இல் பள்ளிச் சிறாரிடை நடந்த நாடளாவிய ஆய்வில் 4.4 வீதமாகக் காணப்பட்டது. ஒரு தேசத்தின் ஓமோன் நலம் மருத்துவமனையில் மட்டுமன்று, உப்பளத்திலும் பேணப்பட்டது என்பதற்கு இது தக்க சான்று.

மிகுதியும் தீங்கே

குறைவு தீங்கெனின் மிகுதி நன்றோ எனின், அன்று. அயடீன் குறைந்திருந்த மக்களுக்கு அதனை விரைந்து கூட்டும்பொழுது, சிலரிடத்து உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே பகையெனக் கருதித் தாக்குதல் மிகுவதுண்டு. இலங்கைப் பள்ளி மாணவியரிடை நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, இத்தகைய தன்னெதிர்ப்புப் பொருள்கள் குருதியில் மிக்கிருத்தலைக் கண்டு, அயடீன்தான் காரணமோ என்னும் ஐயத்தை எழுப்பியது. 2005இல் வந்த திருத்திய ஒழுங்குவிதி, உப்பிற் சேர்க்கும் அயடீனின் அளவைக் கிலோகிராமுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் வரை என வரையறுத்தது. முன்னர் உற்பத்தியின்போது சேர்க்கப்பட்ட அளவு இதனினும் உயர்ந்தது.

நோய் மிகுதியாலும் வரும், குறைவாலும் வரும் என்னும் கருத்துத் தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து இக்கருத்தைக் கொண்டே தொடங்குகின்றது. தைரொயிட்டைப் பொறுத்தவரை அது வெறும் அறிவுரையன்று. மைக்கிரோகிராமில் அளந்து காணத்தக்க உண்மை.

இன்று அயடீன் போதியவளவு கிடைக்கும் நாடுகளில் தைரொயிட்டுச் சுரப்புக் குறைவுக்குத் தலையாய காரணம் அயடீன் இன்மையன்று. மேற்சொன்ன தன்னெதிர்ப்பு நோயே. யப்பானிய மருத்துவர் ஹஷிமோற்றோ 1912இல் இதனை விளக்கினார். அவர் பெயராலேயே அஃது அழைக்கப்படுகின்றது. ஆடவரினும் மகளிர்க்கே இது மிகுதி. குடும்பவழியாகத் தொடர்வதும் உண்டு. இந்நோயினர் எத்துணை நல்லுப்பு உண்ணினும் நோய் நீங்காது. அயடீனை மிகுத்து உண்ணின் தீங்கு கூடவும் கூடும். பழக்கத்தின் எல்லை முடிந்து மருந்தின் எல்லை தொடங்குமிடம் இதுவேயாகும்.

வீட்டில் ஆற்றவேண்டியவை

பழக்கத்தால் ஆகக்கூடியவற்றை முதலில் நோக்குவோம். உப்பைக் குறைத்து உண்ணுமாறு இதயநோய் மருத்துவர் கூறுகின்றனர். அயடீன் உப்பை உண்ணுமாறு சுகாதாரப் பகுதியினர் கூறுகின்றனர். இவை தம்முள் மாறுபட்டன போலத் தோன்றினும் மாறுபட்டனவல்ல. உலகச் சுகாதார நிறுவனம் வளர்ந்தோர்க்கு வகுத்த உப்பின் மேலெல்லை நாளொன்றுக்கு 5 கிராம். கிலோகிராமுக்கு 30 மில்லிகிராம் அயடீன் உள்ள உப்பாயின், 5 கிராமிலேயே 150 மைக்கிரோகிராம் கிடைத்துவிடும். 15 மில்லிகிராம் உள்ள உப்பாயின் 75 மைக்கிரோகிராம் கிடைக்கும். எஞ்சியதை மீன், முட்டை, பால் ஆகிய உணவுகள் ஓரளவு நிரப்பும். எனவே உப்பைக் குறைத்தலும் அயடீன் உப்பையே கொள்ளுதலும் ஒருங்கே ஆற்றத்தக்கன. கூடுதல் அயடீன் வேண்டிக் கூடுதல் உப்புண்ணுதல் எவ்வகையானும் பொருந்தாது.

மீனும் முட்டையும் நீக்கிய சைவ உணவினர் இதில் தனிக் கருத்துச் செலுத்துதல் நன்று. அவர்க்குப் பாலும் தயிரும் ஒழிந்தால் அயடீன் பெறும் வழி பெரும்பாலும் உப்பு ஒன்றே. பல இல்லங்களில் கல்லுப்பையே மேலெனக் கொள்ளும் வழக்கம் உண்டு. கல்லுப்பிலும் அயடீன் சேர்க்க இயலும். ஆயின் அழுக்குப் போக அதனைக் கழுவிப் பயன்படுத்துவோர், மேலே படிந்த அயடீனையும் கழுவி ஊற்றிவிடுகின்றனர். அடுப்பருகே திறந்த சட்டியில் உப்பை வைத்தலும் அத்தகையதே. வெப்பமும் ஈரமும் அயடீனைக் குறைக்கும். மூடியுள்ள பாத்திரத்தில், அடுப்புக்கு அப்பால், ஈரமில்லாத இடத்தில் உப்பை வைத்தலும், கறி வெந்து இறக்கும் தறுவாயில் உப்பிடுதலும் செலவில்லாத நற்பழக்கங்கள்.

மரவள்ளிக் கிழங்கு, கோவா ஆகியன தைரொயிட்டுக்குப் பகை என்னும் பேச்சும் உண்டு. மரவள்ளியிலுள்ள நஞ்சு உடம்பில் மாறி உண்டாகும் பொருள், சுரப்பி அயடீனைப் பற்றுவதைத் தடுப்பது உண்மை. கோவா வகையிலும் அதனையொத்த பொருள்கள் உள. ஆயினும் அயடீன் போதியவளவு உண்போர் இவற்றை நன்கு வேகவைத்து இடையிடையே உண்பதால் தீங்கு நேர்வதில்லை. வேறு உணவின்றி நெடுநாள் மரவள்ளியையே உண்டு, அயடீனும் குறைந்தவிடத்தே கேடு நேரும். உணவு ஒன்றை நஞ்செனத் தள்ளுதலினும், பலவகை உணவை அளவோடு உண்ணுதலே அறிவுடைமை.

கருவுற்ற மகளிர்க்கு நாளொன்றுக்கு 250 மைக்கிரோகிராம் அயடீன் வேண்டும். கருவின் தொடக்க வாரங்களில் குழந்தை தன் தைரொட்சினுக்குத் தாயையே முற்றும் சார்ந்துள்ளது. ஆதலின் திருமணமாகி மகப்பேற்றை நோக்கும் பெண்கள், குறிப்பாகக் குடும்பத்தில் தைரொயிட்டு நோய் உடையோர், முன்னரே பரிசோதித்துக்கொள்ளல் நன்று.

நடை, உடற்பயிற்சி, நல்லுறக்கம் ஆகியன பொதுவான உடல்நலத்திற்கு இன்றியமையாதன. மருந்து உண்பவரின் களைப்பையும் நிறையையும் கட்டுப்படுத்தத் துணைசெய்வன. ஆயின் அழிந்த சுரப்பியை அவை மீட்டுத் தரமாட்டா. புகைத்தலை விடுதல் தனியே கூறத்தக்கது. சுரப்பு மிகைக்கும் நோயினருள் சிலர்க்குக் கண்கள் பிதுங்கும். புகைத்தல் அக்கண்நோயைக் கடுமையாக்குகின்றது.

மருத்துவர் ஆற்றவேண்டியவை

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவர் கிறீன் மானிப்பாயில் தங்கி மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அவர் 1873இல் இலங்கையை விட்டுச் சென்றபொழுது தைரொயிட்டு என்னும் உறுப்பு அறியப்பட்டிருந்தது. அதன் தொழில் அறியப்படவில்லை. சுவிற்சர்லாந்து அறுவை மருத்துவர் கோக்கர் கழலையை முழுதும் வெட்டி நீக்கிய நோயாளர், பின்னர் அறிவும் உடலும் மந்தமடைதலைக் கண்டார். அதனாலேயே சுரப்பியின் இன்றியமையாமை உலகுக்குப் புலனாயிற்று. இத்துறையில் ஆற்றிய பணிக்காக அவர் 1909இல் நோபெல் பரிசு பெற்றார்.

1891இல் இங்கிலாந்து மருத்துவர் மறே, சுரப்புக் குறைவால் வருந்திய 46 வயதுப் பெண்ணொருவருக்குச் செம்மறியாட்டின் தைரொயிட்டுச் சாற்றை ஊசிவழி ஏற்றினார். அவர் நலமடைந்து, அம்மருந்தைத் தொடர்ந்து பெற்று, 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கெனச் சுரப்பி எடுக்கப்பட்ட ஆடுகள் 870க்கு மேற்பட்டன. 1914ஆம் ஆண்டு நத்தார் நாளன்று அமெரிக்காவில் கெண்டல் என்பார் தைரொட்சினைப் பளிங்குருவில் பிரித்தெடுத்தார். 1920களில் ஹாறிங்ரன் அதனை ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக் காட்டினார். ஆட்டு மந்தையால் ஆற்றப்பட்ட தொழிலை இன்று நாளுக்கு ஒரு சிறு குளிகை ஆற்றுகின்றது. இலங்கை அரசாங்க வைத்தியசாலைகளில் அது கட்டணமின்றி வழங்கப்படுவது.

இக்குளிகை புறத்தேயிருந்து வந்த வேற்றுப்பொருளன்று. சுரப்பி ஆக்கத் தவறிய அதே பொருள். ஆதலின் இதனை அஞ்சவேண்டியதில்லை. விளையாட்டாகக் கொள்ளவும் ஆகாது. காலையில் வெறுவயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரங் கழித்தே தேநீரும் உணவும் கொள்ளவேண்டும். விடிந்தவுடன் தேநீர் அருந்தும் வழக்கமுடையோர்க்கு இஃது அரிதாகத் தோன்றலாம். ஆயினும் தேநீரோடு உண்ட குளிகை முழுப்பயன் தாராது. இரும்புச் சத்துக் குளிகையும் சுண்ணச் சத்துக் குளிகையும் தைரொட்சினோடு பிணைந்து அதனை வீணாக்குவன. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கருவுற்ற மகளிர் மூன்றையும் உண்பவராதலின் இதனை மறத்தலாகாது. அவர்க்குத் தைரொட்சின் தேவையும் கூடும். கருவுற்றது தெரிந்தவுடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

தைரொட்சின் உடம்பில் மெல்லச் செயற்படுவது; குருதியில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாட்கள் செல்லும். ஆதலால் இரண்டொரு நாளில் பயன் காணாது வருந்துதலும், மருந்தின் அளவைத் தாமே கூட்டுதலும் கூடா. அளவை மாற்றியபின் ஆறு வாரங்களளவில் செய்யும் குருதிப் பரிசோதனையே உண்மை நிலையைக் காட்டும். நலமடைந்துவிட்டோம் என்று குளிகையை நிறுத்துவோர் பலர். அவர்கள் நலமடைந்தது குளிகையினால் என்பதை மறந்தனர். நிறுத்திய சில வாரங்கள் தீங்கு தோன்றாமையின் தம் செயல் சரியென எண்ணுவர். பின்னர்ப் படிப்படியாகக் களைப்பும் குளிர் தாங்காமையும் மலச்சிக்கலும் மனமந்தமும் திரும்பும்.

சுரப்புக் குறைவு இல்லாதோர் உடல் மெலியும்பொருட்டுத் தைரொட்சின் உண்பது இதனினும் கொடிய தவறு. இதயத் துடிப்பு ஒழுங்கு கெடும், எலும்பும் நலிவுறும். களைப்பு எல்லாம் தைரொயிட்டால் வருவதன்று. குருதிச்சோகை, நீரிழிவு, உறக்கக் குறைவு, மனக்கவலை ஆகிய யாவும் களைப்பைத் தருவன. காரணத்தைக் காட்டவேண்டியது பரிசோதனை, ஊகமன்று.

சுரப்பு மிகைக்கும் நோயோ வேறு வகையது. உடல் மெலிதல், கை நடுங்குதல், நெஞ்சு படபடத்தல், வெப்பந் தாங்காமை ஆகியன அதன் குறிகள். கார்பிமசோல் என்னும் குளிகையும், கதிரியக்க அயடீனும், அறுவைச் சிகிச்சையும் அதற்குரியன. கார்பிமசோல் உண்போர்க்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ தோன்றின், அதனைச் சாதாரணத் தடிமன் என்று எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. அரிதாக அம்மருந்து குருதியின் வெண்கலங்களைப் பெரிதும் குறைத்துவிடும். அன்றே வைத்தியசாலைக்குச் சென்று குருதியைப் பரிசோதித்தல் வேண்டும். கழுத்தில் புதிதாகக் கட்டி தோன்றினும், முன்பிருந்த கழலை விரைந்து வளரினும், குரல் மாறினும் காலந்தாழ்த்தாது காட்டவேண்டும்.

பிறந்த குழந்தைகளுள் சிலர் தைரொயிட்டுச் சுரப்பி இன்றியோ குறையுற்றோ பிறப்பர். அவர்களைத் தோற்றத்தால் உடனே அறிதல் அரிது. குதிக்காலில் குத்தி எடுக்கும் ஒரு துளிக் குருதி அதனை அறிவிக்கும். இலங்கையில் 2010இல் தென்மாகாணத்தில் இப்பரிசோதனைத் திட்டம் தொடங்கிப் பின்னர் விரிவடைந்தது. முதற் சில வாரங்களுக்குள் தைரொட்சின் அளிக்கப்படின் அக்குழந்தை ஏனைக் குழந்தைகள் போலவே வளர்ந்து கற்கும். தாமதிப்பின் இழந்த அறிவை எம்மருந்தாலும் மீட்கவியலாது. குழந்தையின் காலிற் குத்தவேண்டா என்று தடுக்கும் பாட்டன் பாட்டியர்க்கு இதனை எடுத்துரைத்தல் படித்தோர் கடன்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாதெனின், ஓமோன் நலத்தில் பழக்கத்துக்கும் மருந்துக்கும் தனித்தனி ஆட்சியுண்டு என்பதாகும். அயடீன் குறைவால் வரும் கேட்டை வராமற் காத்தல் பழக்கத்தின் பணி. அப்பணியைச் சட்டமும் உப்பளமும் கடையும் அடுக்களையும் கூடிச் செய்கின்றன. வந்தபின் தீர்த்தலினும் அது மலிவானது, பெரிதானது. சுரப்பியே பழுதுற்றவிடத்து அதன் குறையை நிரப்புதலும் மிகையை அடக்குதலும் மருந்தின் பணி. அதனை எந்தக் கீரையும் எந்தப் பயிற்சியும் செய்துமுடிக்க வல்லன அல்ல. பழக்கத்தை மருந்தென நம்பிக் குளிகையை எறிவோரும், மருந்தை நம்பிப் பழக்கத்தை எறிவோரும் ஒருங்கே இழப்போராவர்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று முன்னோர் சொன்னது சுவை கருதி. இன்று அறிவியல் அதனோடு ஒன்று சேர்த்துரைக்கின்றது. உப்பு இருந்தாலும் போதாது. அதில் அயடீன் இருத்தல் வேண்டும். அதுவும் அளவோடு இருத்தல் வேண்டும். கடைக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் உப்புப் பொதியைத் திருப்பி, அதிற் பொறித்துள்ள எழுத்தை வாசித்து வாங்குவாராயின், தாம் கற்ற கல்வியின் பயனைத் தம் வீட்டு அடுக்களைக்குக் கொண்டு சேர்த்தவராவர்.